ஏழு மன்னர்களும் ஒரு சந்தையும்

கடந்த ஆண்டின் நடுப்பகுதியில் எனது ஊரவர்கள் சிலர் இலண்டனிலிருந்து தொலைபேசியில் தொடர்பு கொண்டனர். தமது ஊர்ச் சங்கத்தின் வெள்ளிவிழாவை முன்னிட்டு ஊர் மலர் ஒன்றினை வெளியிடவிருப்பதாகவும், அதற்கு அணிந்துரை எழுதித் தருமாறும் கேட்டனர். பத்திரிகைத்துறையில் மூன்று தசாப்தங்களுக்கு மேலாகக் குப்பை கொட்டியவன் என்ற வகையில் இத்தகைய வேண்டுகோள்கள் எனக்குப் புதியவை அல்ல. அவ்வேளையில் தங்கையின் குடும்பத்தினரைக் காண்பதற்காக இலண்டனுக்குச் செல்லவும் நேர்ந்தது. எனவே மலரின் கையெழுத்துப் பிரதியினை அங்கு வைத்தே வாங்கிக்கொண்டேன்.

அதன் முதலாவது கட்டுரையின் முதலாவது வாக்கியம் எமது ஊர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மன்னன் ஒருவனால் உருவாக்கப்பட்டது என்று கூறியது. மன்னனின் பெயரும் தரப்பட்டிருந்தது. ஆதாரம் எதுவும் தரப்படவில்லை. அந்த ஊரில் பிறந்து, அங்கேயே படித்து, அவ்வூர் மதகில் குந்தியிருந்து வளர்ந்த எனக்கு அந்த மன்னனை அன்றுதான் முதன்முதலாகத் தெரிய வந்தது. இதற்கு எவ்வாறு அணிந்துரை எழுதுவது என்ற குழப்பத்துடன் இருந்தபோதுதான் கிங்ஸ்ரன் நகருக்குப் போகும் வாய்ப்பு ஏற்பட்டது.

தங்கையின் வீடு இலண்டனின் தென்மேற்கே ரொல்வேத் என்னுமிடத்தில் இருக்கின்றது. எம்மவர்கள் கணிசமாக வாழும் பகுதி அது. அங்கிருந்து 281 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்ரன் நகரை அடைந்துவிடலாம். இங்கிலாந்தின் பழைமையான சந்தை நகரங்களில் ஒன்று எனக் கருதப்படும் இந்நகர் 1965 ஆம் ஆண்டு முதல் இலண்டன் பெருநகரின் ஒரு பகுதியாக உள்ளது. பதினேழு வயதான மருமகன் வழிகாட்டியாக வந்தார்.

அவர் என்னை முதலில் அழைத்துச் சென்றது நகர மண்டபத்துக்கு அருகேயுள்ள ஒரு கல்லைக் காட்டுவதற்கு. இரும்பு வேலியினுள், ஏழு பக்கங்கள் கொண்ட பீடமொன்றின் மேல் செதுக்கப்படாத பெரிய சாம்பல் நிறக் கல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பீடத்தின் பக்கங்களில் ஏழு சக்சன் மன்னர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. “மாமா, பத்தாம் நூற்றாண்டில ஏழு ராசாக்களுக்கு இந்தக் கல்லில இருத்தித்தான் முடிசூட்டினவையாம். கிங்ஸ் ஸ்ரோன், அரசன்ர கல். அதிலயிருந்துதான் ஊருக்கும் கிங்ஸ்ரன் எண்டு பேர் வந்ததாம்” என்றார் மருமகன். பாடசாலையில் சக மாணவர்கள் சொல்லக் கேட்டதாம்.

கேட்பதற்கு அழகான கதைதான். ஆனால், அந்நகரின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். கி.பி. 838 ஆம் ஆண்டில் வெசெக்ஸ் மன்னன் எக்பேர்ட்டும் கன்ரபரிப் பேராயரும் கூடிய மன்றம் ஒன்று இவ்விடத்தில் நடைபெற்றது. அக்கால ஆவணத்தில் ஊரின் பெயர் பதிவாகியுள்ளது. அதன் பொருள் ‘அரசனின் பண்ணை’ அல்லது ‘அரசனுக்குரிய குடியிருப்பு’ என்பதாகும். பெயரின் பிற்பாதி கல் அல்ல. கல்லில் முடிசூட்டப்பட்டதாகச் சொல்லப்படும் முதலாவது மன்னனுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்னரே ஊர் அப்பெயருடன் இருந்திருக்கின்றது.

அடுத்து மன்னர்கள். 925 ஆம் ஆண்டில் அதெல்ஸ்ரன் கிங்ஸ்ரனில் முடிசூட்டப்பட்டமைக்கும், அரை நூற்றாண்டின் பின்னர் எதெல்ரெட் அங்கு முடிசூட்டப்பட்டமைக்கும் ஆங்கிலோ – சக்சன் வரலாற்றுக் குறிப்பேட்டில் சான்று உண்டு. 946 இல் முடிசூடிய ஈட்ரெட் என்ற மன்னனுக்கும் ஓரளவு சான்று உண்டு. ஏனைய நால்வரும் பிற்கால எழுத்தாளர்கள் சேர்த்தவர்கள். அவர்களும் அங்கு முடிசூட்டப்பட்டிருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘இருந்தது’ என்பதற்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பது பத்திரிகையாளனுக்குத் தெரியும்.

இறுதியாகக் கல். பரிசுத்த மரியாள் சிற்றாலயம் என்ற பழைய ஆலயமொன்று 1730 ஆம் ஆண்டில் இடிந்து வீழ்ந்தது. அதன் இடிபாடுகளில் இருந்து எடுக்கப்பட்ட கல் இது என்பார்கள். மன்னர்கள் இதில் அமர்ந்தார்கள் என்ற நம்பிக்கை பதினெட்டாம் நூற்றாண்டளவில்தான் வெளிப்படுகின்றது. அதன் பின்னரும் குதிரையில் ஏறுவோர் கால் வைத்து ஏறும் படிக்கல்லாகவே அது பயன்பட்டு வந்தது. 1850 ஆம் ஆண்டில்தான் அதனைப் பீடத்தில் ஏற்றிச் சந்தைப் பகுதியில் நிறுத்தினார்கள். பின்னர் அது இப்போதைய இடத்துக்கு மாற்றப்பட்டது. ஆயிரம் ஆண்டுப் புகழ் பேசும் அந்தக் கல்லுக்கு மரியாதை கிடைத்து இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

இவை யாவும் இரகசியங்கள் அல்ல. தேடுபவர் எவருக்கும் கிடைக்கும் செய்திகள். நகரத்தின் புகழ்க் கதையைக் கேள்விக்கு உட்படுத்தியதற்காக எவரையும் அந்நகரத்தவர் துரோகி என்று அழைக்கவில்லை. கல்லும் பீடத்தில் இருக்கின்றது. அதன் மீதான ஐயமும் அச்சில் இருக்கின்றது. இந்த இரண்டும் அருகருகே இருக்க முடியும் என்பதே நான் அங்கு கண்ட முதலாவது பாடம்.

சரி, ஏழு மன்னர்களையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டால் கிங்ஸ்ரனுக்கு என்ன எஞ்சும்? கல்லிலிருந்து சில அடிகள் நடந்தால் அதற்கான விடை கிடைக்கின்றது. ஹொக்ஸ்மில் என்னும் சிற்றாறு தேம்ஸில் கலப்பதற்குச் சற்று முன்னர் அதற்குக் குறுக்கே சிறியதொரு கற்பாலம் உள்ளது. கிளற்றன் பாலம் என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாலம் இது. 1293 ஆம் ஆண்டுப் பத்திரமொன்றில் இதன் பெயர் காணப்படுகின்றது. குதிரைக் குளம்புகள் எழுப்பிய ‘கடகட’ ஓசையிலிருந்து அப்பெயர் வந்தது என்பார்கள். எந்த அரசனும் இதில் முடிசூடவில்லை. ஆயினும் எண்ணூறு ஆண்டுகளாகச் சனங்கள் இதன் மேல் நடந்துகொண்டிருக்கிறார்கள். இன்று வாகனங்களும் ஓடுகின்றன. எனக்கு அந்தக் கல்லைவிட இந்தப் பாலமே பெரிதாகத் தோன்றியது.

கிங்ஸ்ரனை உருவாக்கியது நதியும் பாலமும் சந்தையுந்தான். 1086 ஆம் ஆண்டில் வெற்றிவீரன் வில்லியம் மன்னனின் ஆணைப்படி எடுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலக் கணக்கெடுப்பில் இவ்வூரில் ஒரு தேவாலயமும் ஐந்து ஆலைகளும் மூன்று மீன்பிடித் துறைகளும் இருந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளது. இன்றைய நகரச் சின்னத்தில் உள்ள மூன்று சல்மன் மீன்கள் அந்த மூன்று துறைகளையும் நினைவூட்டுகின்றன. அரசனின் ஊர் என்று பெயர் கொண்ட நகரம் தனது சின்னத்தில் மீன்களைப் பொறித்துக் கொண்டது கவனிக்கத்தக்கது.

தேம்ஸைக் கடக்கும் பெரிய பாலத்தின் கதை இன்னும் சுவையானது. 1729 ஆம் ஆண்டில் பற்னியில் பாலம் திறக்கப்படும்வரை, இலண்டன் பாலத்தை விட்டால் நதியின் மேற்புறமாக அடுத்து வரும் பாலம் கிங்ஸ்ரன் பாலமே. ஆகவே, தெற்கிலிருந்து வந்த வணிகனுக்கும் மாட்டு மந்தை ஓட்டியவனுக்கும் படை நடத்தியவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை. 1554 ஆம் ஆண்டில் மேரி அரசி ஸ்பெயின் இளவரசனை மணம் முடிப்பதை எதிர்த்துக் கிளர்ந்த தோமஸ் வயற், இலண்டன் பாலம் தனக்கு அடைக்கப்பட்டிருக்கக் கண்டு கிங்ஸ்ரன் வரை சுற்றி வந்தான். அங்கும் பாலத்தின் ஒரு பகுதி உடைக்கப்பட்டிருந்தது. அதனைச் செப்பனிட்டு நதியைக் கடந்தான். ஆனால், கிளர்ச்சி தோற்றது. அவனது தலையும் போயிற்று. பாலம் எங்கிருந்ததோ அங்கே அதிகாரமும் வியாபாரமும் இருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அந்தப் பழைய மரப் பாலம் நின்ற இடத்திலிருந்து சற்று விலகி அமைந்த இன்றைய கற்பாலம் 1828 இல் திறக்கப்பட்டது. கடப்பவர்கள் 1870 ஆம் ஆண்டுவரை சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. 1980 களில் புதிய கட்டட வேலைகளின்போது வெளிப்பட்ட பழைய பாலத்தின் அடித்தளமும் மத்திய காலத்து நிலவறையும் பெரிய அங்காடிக் கட்டடமொன்றின் அடியில் பேணப்பட்டுள்ளன. புதிய கடையைக் கட்டியவர்கள் பழைய கல்லைத் தூக்கி வீசவில்லை.

சந்தைக்கு வருவோம். ஜோன் மன்னன் 1200 ஆம் ஆண்டில் இவ்வூரவர்க்குச் சாசனம் ஒன்றினை வழங்கினான். 1208 இல் மற்றொன்று. 1481 இல் நான்காம் எட்வேர்ட் மன்னன் இதனை நகரமாகக் கூட்டிணைத்தான். 1628 ஆம் ஆண்டில் முதலாம் சார்ள்ஸ் மன்னன் வழங்கிய சாசனம் மிக முக்கியமானது. கிங்ஸ்ரனிலிருந்து ஏழு மைல் சுற்றளவுக்குள் வேறெவரும் சந்தை கூட்டக் கூடாது என்ற உரிமையினை அது அளித்தது. ஏழு மைல் என்பது பதினொரு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். தலைச்சுமையுடன் ஒருவர் ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரம் என்று கொள்ளலாம். அந்தத் தூரத்துக்குள் விளைந்த தானியமும் பிடிபட்ட மீனும் உரித்த தோலும் கிங்ஸ்ரனுக்கே வந்தாக வேண்டும். நகரத்தின் செல்வம் முடிசூட்டு விழாவிலிருந்து வந்ததல்ல. இந்த ஏழு மைல்களிலிருந்து வந்தது. சந்தை இன்றும் அதே முற்றத்தில் கூடுகின்றது. 1840 இல் கட்டி முடிக்கப்பட்ட சந்தை மண்டபத்தின் நிழலில் நின்று மருமகன் வாங்கித் தந்த சிற்றுண்டியை நானும் உண்டேன்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். இச்சாசனங்கள் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டுச் செல்லரிக்கவில்லை. ஜோர்ஜ் றூற்ஸ் என்பவர் 1797 ஆம் ஆண்டிலேயே அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்டுவிட்டார். 1852 இல் வில்லியம் பைடன் என்பவர் நகரின் வரலாற்றை நூலாக எழுதினார். 1854 இல் ‘சரே கொமற்’ என்ற வாரப் பத்திரிகை கிங்ஸ்ரனில் தொடங்கப்பட்டது. அப்பத்திரிகையில் பணியாற்றிய யூன் சாம்ப்சன் என்ற பெண் பத்திரிகையாளர் 1970 களில் இருந்து நகரின் வரலாற்றைத் தொடர்ந்து கட்டுரைகளாகவும் நூல்களாகவும் எழுதினார். இவர்கள் எவரும் மன்னர்களின் புலவர்கள் அல்லர். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் தனது ஊரின் வரலாற்றாசிரியராகவும் ஆனார் என்பதை அறிந்தபோது தொழில்முறையில் எனக்குப் பெருமையாகவும் சற்று வெட்கமாகவும் இருந்தது. கொழும்பு அரசியலை எழுதி எழுதிக் களைத்த நாங்கள் எமது ஊரைப் பற்றி எத்தனை பந்தி எழுதினோம்?

பெருமைகளை மட்டும் அவர்கள் எழுதவில்லை. 1745 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மதுபானசாலை நடத்திய பெண் ஒருத்தி வாய்ச்சண்டை பிடித்தாள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவளை நாற்காலியொன்றில் கட்டிப் பாலத்தின் கீழே தேம்ஸ் நதியில் முக்கி எடுத்தார்கள். 2,000 முதல் 3,000 பேர் வரை அதனை வேடிக்கை பார்த்ததாக அக்கால இலண்டன் பத்திரிகையொன்று எழுதியிருக்கின்றது. ஒரு பெண்ணை அவமானப்படுத்தத் திரண்ட அந்தக் கூட்டத்தின் கதையையும் நகரம் தனது வரலாற்றிலிருந்து நீக்கவில்லை. அதேபோன்று, 1730 இல் சிற்றாலயம் இடிந்தபோது குழி தோண்டிக்கொண்டிருந்த ஆலய ஊழியர் கொல்லப்பட்டார். இடிபாடுகளுக்குள் அகப்பட்டு உயிர் தப்பிய அவரது மகள் ஹெஸ்டர் ஹமர்ட்டன் பின்னர் தந்தையின் வேலையைத் தானே ஏற்றுச் செய்தார். எந்த மன்னன் எந்த ஆண்டில் அக்கல்லில் அமர்ந்தான் என்பது ஐயத்துக்குரியது. குழி தோண்டிய ஹெஸ்டரைப் பற்றி ஊர் மறக்கவில்லை.

புகையிரதக் கதையும் உண்டு. 1838 இல் இலண்டனிலிருந்து சவுதாம்ரன் நோக்கிச் சென்ற புகையிரதப் பாதை கிங்ஸ்ரனுக்கு வராமல் தெற்கே வயல்வெளியூடாகப் போயிற்று. அங்கு எழுந்த புதிய குடியிருப்பே இன்றைய சேர்பிற்றன். கிங்ஸ்ரனுக்குச் சொந்தப் புகையிரத நிலையம் 1863 இல்தான் கிடைத்தது. குதிரை வண்டித் தொழிலுக்குப் பாதகம் வந்துவிடும் என்று அஞ்சிய நகரத்தவர்கள் புகையிரதத்தை வேண்டாமென்று விரட்டினார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. இங்கிலாந்தின் பல நகரங்களில் இதே கதை சொல்லப்படுகின்றது என்பதையும், ஆவணங்களைப் புரட்டினால் பல இடங்களில் நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பு, காணி விலை, நிலத்தின் ஏற்ற இறக்கம் ஆகியனவே காரணங்களாகத் தெரிய வருகின்றன என்பதையும் புகையிரத வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஊரின் பெருமைக் கதையைப் போலவே ஊரின் மடமைக் கதையையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

இவையெல்லாம் ஆங்கிலேயரின் ஊர்க் கதைகள், எமக்கு என்ன என்று வாசகர் எவரேனும் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஓர் ஊரின் வரலாறு அந்த ஊரோடு நின்றுவிடுவதில்லை. 1912 இல் கிங்ஸ்ரனில் உருளைச் சறுக்கு மண்டபமாக இருந்த கட்டடத்தில் சொப்வித் என்பவர் விமானம் கட்டத் தொடங்கினார். அத்தொழிலின் வழிவந்த ஹோக்கர் நிறுவனத்தில் சிட்னி கம் வடிவமைத்த விமானமே ‘ஹரிக்கேன்’. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து அவற்றை எதிர்த்தவை ஹரிக்கேன்கள். நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டபோது சீனன்குடாவிலிருந்து எழுந்தவையும் அவையே. எமது பெற்றோர் ‘ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம்’ என்று சொல்லும் கதையின் ஒரு முனை இந்தச் சந்தை நகரத்தில் இருக்கின்றது.

இரண்டாவது காரணம் இன்னும் நேரடியானது. 2016 ஒக்டோபரில் கிங்ஸ்ரனும் யாழ்ப்பாணமும் இரட்டை நகரங்களாக இணைக்கப்பட்டன. அப்போது வடமாகாண முதலமைச்சராக இருந்த சி.வி. விக்னேஸ்வரன் இலண்டன் சென்று உடன்படிக்கையில் கைச்சாத்திட்டார். மாலைகளும் படங்களும் செய்திகளும் வந்தன. இரட்டை நகரம் என்றால் எதனைப் பரிமாறுவது? வர்த்தகம், கல்வி, சுகாதாரம் என்றெல்லாம் பேசலாம், பேச வேண்டும். ஆனால், கிங்ஸ்ரனிடமிருந்து யாழ்ப்பாணம் பெற்றுக்கொள்ளக்கூடிய, பெரும் பணம் தேவைப்படாத ஒன்று உண்டு. அது ஊரின் காகிதங்களைப் பேணுகின்ற, ஊரின் கதையைத் தானே சோதித்துப் பார்க்கின்ற பழக்கம்.

“அவர்களுக்கென்ன, அவர்களுடைய காகிதங்களை எவரும் எரிக்கவில்லை” என்று எனது நண்பர் ஒருவர் இதனைக் கேட்டதும் சொன்னார். அது நியாயமான மறுப்பு. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதன் பின்னரான யுத்தத்தில் இடப்பெயர்வுகளின்போது வீடுகளில் இருந்த காணி உறுதிகள், சாதகங்கள், பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகங்கள் எத்தனை அழிந்தன என்பதற்குக் கணக்கில்லை. இழப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அந்த இழப்பிலிருந்து நாம் எடுக்கும் முடிவு என்ன என்பதே எனது கேள்வி. ஆவணம் எரிந்துவிட்டது, ஆகவே எதனையும் எழுதலாம் என்பதா? அல்லது ஆவணம் எரிந்துவிட்டது, ஆகவே எஞ்சியதை இரட்டிப்புக் கவனத்துடன் சேர்க்க வேண்டும் என்பதா? முதலாவதைத் தெரிவு செய்தால் தீ வைத்தவர்கள் தொடங்கிய வேலையை நாமே முடித்து வைத்தவர்கள் ஆவோம். ஏனெனில் பொய்யான ஒரு மன்னனை நாம் எழுதி வைத்தால், நாளை எமது உண்மையான நூலகத்தின் கதையையும், உண்மையான இடப்பெயர்வின் கதையையும் பிறர் அதே தட்டில் வைத்து எடை போடுவார்கள்.

எஞ்சியது ஒன்றும் குறைவல்ல. ஒல்லாந்தர் ஆட்சிக் காலப் பதிவுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ பத்திரிகை 1841 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. கிங்ஸ்ரனின் ‘சரே கொமற்’ தொடங்குவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னர் என்பதைப் பெருமைக்காக அல்ல, பொறுப்புக்காகக் குறிப்பிடுகின்றேன். 2005 இல் உருவான நூலகம் எண்ணிம நூலகம் பல்லாயிரக்கணக்கான ஈழத்து வெளியீடுகளை இணையத்தில் ஏற்றிவைத்திருக்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் அதிக காலம் இருக்கப் போவதில்லை.

கிங்ஸ்ரனுக்குப் போய்வந்த அன்று மாலை, தங்கையின் மாமனாருடன் பேசிக்கொண்டிருந்தேன். எமது அயலூரைச் சேர்ந்தவர். வயது எண்பத்தாறு. அந்த ஏழு மைல் சந்தை உரிமையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். எமது பகுதிச் சந்தையின் குத்தகையைக் கிராமச் சங்கம் ஏலத்தில் விட்ட விதம், ஒரு முறை இரண்டு குடும்பங்கள் போட்டியிட்டுக் குத்தகையை ஏற்றிவிட்டதால் வியாபாரிகள் வரி கட்ட மறுத்து வீதியோரத்தில் கடை பரப்பியது, வெங்காயம் எந்தப் பக்கம், பனங்கட்டிக் குட்டான் எந்தப் பக்கம், மீன் எந்தப் பக்கம், யாரை உள்ளே இருந்து விற்க விடவில்லை என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. கடைசியாகச் சொன்ன விடயத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். சாதியின் பெயரால் சில பெண்கள் சந்தைக்கு வெளியே மரத்தடியில் கடகத்தை வைத்து விற்க வேண்டியிருந்தது. எழுதிக் கொள்ளட்டுமா என்று கேட்டேன். “தம்பி, இதையெல்லாம் இனி ஆர் கேக்கப் போகினம்?” என்றார். ஆயினும் இரவு பதினொரு மணிவரை சொன்னார். நான் குறிப்புப் புத்தகத்தில் பதினான்கு பக்கங்கள் எழுதினேன். அவர் ஒருவரின் நினைவுதானே என்பதால் ஒவ்வொன்றின் அருகிலும் அவரது பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டேன். வேறொருவர் வந்து மறுத்தால் அதனையும் அருகே எழுதலாம்.

எமது ஊர் மலரின் பிரதியில் சந்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மரத்தடிப் பெண்கள் நிச்சயமாக இல்லை. மன்னன் இருந்தான்.

அணிந்துரையை எழுதினேன். மன்னனுக்கு ஆதாரம் தருமாறும், இல்லையேல் ‘என்று ஊரவர் சிலர் கூறுவர்’ என்று மாற்றுமாறும், அந்தப் பதினான்கு பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளுமாறும் கேட்டு அனுப்பினேன். சங்கத்தவர்கள் மனம் நொந்தார்கள். “வெளிநாட்டில பிறந்த பிள்ளையள் ஊரைப் பற்றிப் பெருமையாய் நினைக்கட்டும் எண்டுதானே அண்ணை போட்டனாங்கள்” என்றார் ஒருவர். அவரது நோக்கத்தை நான் மதிக்கின்றேன். ஆனால், அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர்கள் கிங்ஸ்ரன் போன்ற ஊர்களில் படிக்கிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் ‘இதற்குச் சான்று என்ன?’ என்று கேட்கப் பழக்கப்பட்டவர்கள். வீட்டுக்கு வந்து எமது மலரைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டால் முதல் வரியிலேயே நாங்கள் தோற்றுவிடுவோம். அதன்பின் நாங்கள் சொல்லும் எதனையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

கிங்ஸ்ரனிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் மருமகனுக்குப் பெயரின் உண்மைப் பொருளைச் சொன்னேன். அரசனின் கல் இல்லை, அரசனின் பண்ணை என்று. அவர் ஏமாற்றம் அடைவார் என நினைத்தேன். “அப்ப எங்கட ஊரின்ர பேருக்கு என்ன அர்த்தம் மாமா?” என்று திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரிந்த மூன்று விளக்கங்களையும் சொல்லி, எதற்கும் இதுவரை உறுதியான சான்று இல்லை என்றும் சொன்னேன். அவர் அதனை ஏற்றுக்கொண்டார்.

மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மன்னனைப் பற்றிச் சங்கத்தில் கூடிப் பேசுகிறார்கள் என்று கேள்வி. அவர்கள் என்ன முடிவெடுத்தாலும், வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ரொல்வேத்திலோ, ஸ்காபரோவிலோ, சிட்னியிலோ உங்கள் வீட்டின் அறையொன்றில் எண்பது கடந்த ஒருவர் இருப்பாராயின், இந்த வார இறுதியில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் அருகே இருங்கள். மன்னர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். சந்தை எந்த நாட்களில் கூடியது என்று கேளுங்கள்.